டிரைவைக் காணாத கம்ப்யூட்டர்

அன்று காலை சுவிட்சைப் போட்டதும் திரையில் வெளிச்சம் வந்தது. 'பீப்' என்று ஒரு சத்தமும் வந்தது. வழக்கமாக அடுத்த நொடியே டிரைவின் முகப்பில் சிவப்பு விளக்கு எரியும், உள்ளே கடகடவென்று ஏதோ உருளும், அதில் செருகிய பிளாப்பித் தட்டில் இருப்பது திரைக்கு வந்துவிடும். அன்று விளக்கு எரியவில்லை. திரையின் ஓரத்தில் ஓர் அடைப்புக்குறியும் அதன் பக்கத்தில் கண் சிமிட்டும் சின்னக் கட்டமும் மட்டும் நின்றன. தனக்கு டிரைவ் என்று ஒன்று இருப்பதே அந்தப் பெட்டிக்குத் தெரியவில்லை. அணைத்துப் போட்டேன். பிளாப்பியை மாற்றிப் போட்டேன். எதற்கும் அசையவில்லை.

அறை வாசலில் தரையில் உட்கார்ந்து அத்தை காய்ந்த ரப்பர் ஒட்டுப்பாலைப் பிய்த்துக்கொண்டிருந்தார். அத்தை என்றால் என் மாமியார். தலையைத் தூக்கி, "என்ன புள்ள, ஓடலையா?" என்றார்.

"ஓடலை."

அவர் பார்வை என் முகத்திலிருந்து மேசைக்குப் போனது, மேசைக்குப் பின்னால் இருந்த சுவருக்குப் போனது, பிறகு சட்டென்று ஒட்டுப்பாலுக்கே திரும்பிவிட்டது. அந்தப் பார்வையை நான் மறக்கவில்லை. இவர்தான் ஏதோ செய்திருக்கிறார் என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டேன். எனக்கு எப்போதும் கோபம் மூக்கு நுனியில்தான். அந்த வருடம் அது அங்கிருந்து இறங்கவே இல்லை.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. ஜித்ராவில் பிறந்து வளர்ந்த நான் கல்யாணமாகி மெர்போக்கில் இருந்தேன். வீட்டுக்குப் பின்னால் அத்தையின் சொந்த ரப்பர்த் தோட்டத் துண்டு. எஸ்டேட்டில் பால்மரம் சீவி மிச்சம் பிடித்து வாங்கியது. விடிவதற்குள் அவரே போய் மரம் சீவுவார். பாலை எடுத்து வந்து பின்பக்கக் கொட்டகையில் தட்டுகளில் ஊற்றி, ஆசிட் கலந்து உறைய வைத்து, ரப்பர் ஷீட் போட்டுக் காயப்போடுவார். கல்யாணமாகி வந்த புதிதில் அந்த வீட்டின் புளித்த வாடையில் எனக்குக் குமட்டிக்கொண்டு வரும். சில மாதங்களில் மூக்கு பழகிப்போனது. அப்படிப் பழகியதுதான் பின்னால் எங்களைச் சுற்றவிட்டது.

என் கணவர் சுங்கைப் பட்டாணியில் ஒரு லாரி கம்பெனியில் கணக்கு எழுதும் கிராணி. அங்கே ஒருவர் விற்றதை வாங்கி வந்ததுதான் அந்தக் கம்ப்யூட்டர். அமெரிக்கப் பெட்டியைப் பார்த்து வேறு எங்கோ செய்த நகல். பழைய டிவி ஒன்றுதான் அதற்குத் திரை. வெளியே தனியாக ஒரு பிளாப்பி டிரைவ். அவருக்கு அது விளையாட்டுச் சாமான். எனக்கு அப்படி இல்லை. நான் பள்ளியில் ஐந்தாம் பாரம் முடித்து டைப்பிங் படித்தவள். சுங்கைப் பட்டாணியில் புதிதாகத் திறந்த ஒரு தொழிற்சாலை ஆபீசில் ஆள் எடுக்கப் போவதாகவும், டைப்ரைட்டரில் அல்ல, கம்ப்யூட்டரில்தான் பரீட்சை வைப்பார்கள் என்றும் அவர் வந்து சொன்னார். அன்றிலிருந்து காலையில் வீட்டு வேலை முடிந்ததும் அதன் முன்னால் உட்கார்ந்துவிடுவேன்.

அந்த வேலை கிடைத்தாக வேண்டும் என்பதற்கு வேறு காரணமும் இருந்தது. அதற்குச் சில மாதங்களுக்கு முன்னால் என் வயிற்றில் இருந்த பிள்ளை தங்காமல் போய்விட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த அந்த வாரங்கள் எனக்குச் சரியாக நினைவில்லை. துணி துவைத்தது நினைவில்லை, சமைத்தது நினைவில்லை. நினைவிருப்பது ஒன்றுதான். ஒரு நாள் தூங்கி எழுந்து பார்க்கும்போது, அதுவரை பூட்டே இல்லாத முன்னறைக் கதவில் ஒரு பித்தளைப் பூட்டு தொங்கியது.

கம்ப்யூட்டர் இருந்தது அந்த அறையில்தான். அத்தையின் தகரப் பெட்டியும் அங்கேதான். சாவி அவருடைய கைலி மடிப்பில். நான் கேட்டால் மறுக்காமல் வந்து திறந்துவிடுவார், ஆனால் போகமாட்டார். வாசலிலேயே உட்கார்ந்து ஏதாவது ஒரு வேலையைக் கையில் வைத்துக்கொண்டு, கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு என்னையே பார்ப்பார். நான் எழுந்ததும் பூட்டிவிடுவார். கணவரிடம் கேட்டேன். "திருட்டு பயமா இருக்கும்லா, விடேன்" என்றார்.

"வீட்டுல இருக்கிறதே மூணு பேரு. யாரு திருடுறா?"

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். நானே பதில் சொல்லிக்கொண்டேன். அந்த மூன்று பேரில் ஒருவர் அத்தை, ஒருவர் அவர் மகன், மிச்சம் நான்.

பூட்டோடு நின்றிருந்தாலும் பொறுத்திருப்பேன். குளியலறையில் கொஞ்ச நேரம் கூடுதலாக இருந்தால் அத்தை வந்து கதவைத் தட்டுவார். "ஒண்ணுமில்ல, சோப்பு இருக்கான்னு கேக்க வந்தேன்" என்பார். விடியற்காலையில் மரம் சீவப் போகும்போது என்னையும் எழுப்புவார். "வா புள்ள, மங்கு தொடைக்க ஆள் வேணும்." பால் வடியும் மங்கு எல்லாவற்றையும் அதுவரை தனியாகவே துடைத்தவர்தான். கணவருக்கு வெளியூர் வேலை இருந்தால் என் அறை வாசலில் பாயைப் போட்டுப் படுத்துக்கொள்வார். என்னை வேலைக்காரியாக்குகிறார், களவாணியாக நினைக்கிறார், பிள்ளை பெற வக்கில்லாதவளை வீட்டில் வைத்துக்கொண்டு காவல் காக்கிறார் என்று ஒவ்வொன்றையும் ஒரு பக்கமாகச் சேர்த்துவைத்தேன். பேசினால் அழுதுவிடுவேன் என்பதால் பேசவில்லை.

இப்படி இருக்கையில்தான் டிரைவ் போனது. சாயங்காலம் கணவர் வந்து பார்த்தார். ஒயரைக் கழற்றிப் போட்டார், பிளாப்பியை ஊதிப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பாமலே, "நீ எதும் தொட்டியா?" என்றார்.

எனக்குச் சுரீரென்றது. "தினமும் தொடுறேன். தொடாம எப்படி டைப் அடிக்கிறது?"

"அதில்ல, எங்கயாவது இழுத்தியான்னு கேட்டேன்."

"உங்கம்மா வாசல்லயே உக்காந்திருந்தாங்க. நான் எதை இழுத்தேன்னு அவங்களையே கேளுங்க."

அத்தை அடுப்படியில் இருந்தார். எல்லாம் காதில் விழுந்திருக்கும். இழுத்தாள் என்றும் சொல்லவில்லை, இழுக்கவில்லை என்றும் சொல்லவில்லை. எனக்கு அது போதுமானதாக இருந்தது. அன்றிரவு மனதுக்குள் ஒன்றை முடிவு செய்தேன். அந்தப் பெட்டியை யார் கெடுத்தது என்று தெரிய வேண்டும். என்னை வேலைக்குப் போகவிடாமல் செய்ய அவர்தான் கை வைத்தார் என்று தெரிந்தால், பையை எடுத்துக்கொண்டு ஜித்ராவுக்குப் போய்விடுவேன். திரும்ப வரமாட்டேன். பையை எடுத்து இரண்டு சேலையும் மடித்து வைத்தேன். கணவர் பார்த்தார். பார்த்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மறுநாள் டிரைவை மோட்டார் சைக்கிளில் வைத்துச் சுங்கைப் பட்டாணிக்குக் கொண்டுபோனார். அங்கே ஒரு சீனர் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்தார். அவர் தன் பெட்டியில் மாட்டிப் பார்த்ததும் சிவப்பு விளக்கு எரிந்ததாம், எங்கள் பிளாப்பியும் ஓடியதாம். கணவர் சந்தோஷமாகக் கொண்டுவந்து எங்கள் பெட்டியில் மாட்டினார். பழையபடி அடைப்புக்குறி, பக்கத்தில் கண் சிமிட்டும் கட்டம்.

இப்போது கணவரின் சந்தேகம் கடைக்காரர் மேல் திரும்பியது. நல்ல சாமானைக் கழற்றிக்கொண்டு பழையதை மாட்டியிருப்பார் என்றார். தன் ரேடியோவுக்கு ஒருமுறை அப்படி நடந்ததாம். என் சிவப்பு நகச்சாயத்தை எடுத்து டிரைவின் ஒவ்வொரு திருகிலும் ஒரு பொட்டு வைத்தார். திருகைத் திறந்தால் சாயம் உடைந்துவிடும், கையும் களவுமாகப் பிடித்துவிடலாம் என்றார். பொட்டு வைத்த டிரைவை மடியில் வைத்துக்கொண்டு நானும் பின்னால் ஏறினேன். அவர் வந்து சொல்வதை நம்பும் நிலையில் நான் இல்லை.

கடைக்காரர் பொட்டுகளைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், சிரித்துவிட்டார். எங்கள் கண் முன்னாலேயே மாட்டினார். விளக்கு எரிந்தது. ஒயரையும் மாற்றிப் பார்த்தார், அதுவும் நல்ல ஒயர்தான். "டிரைவ் ஓகே லா. ரோசாக் டி ரூமா" என்றார். டிரைவ் நன்றாக இருக்கிறதாம், கெட்டுப்போனது வீட்டில்தானாம். அவருக்கு எங்கள் வீட்டைப் பற்றி என்ன தெரியும். ஆனாலும் எனக்கு முகம் சூடானது.

பிறகு தன் பெட்டியின் மூடியைத் தூக்கிக் காட்டினார். பின்பக்கம் வரிசையாகப் பள்ளங்கள். ஒன்றில் ஒரு கார்டு நின்றது. டிரைவிலிருந்து வரும் ஒயர் பெட்டியின் பின்பக்கச் செருகி வழியாக அந்தக் கார்டில்தான் போய்ச் சேருகிறது. அதன் அடிப்பக்கம் வரிசையாகச் சின்னச் சின்ன உலோகப் பற்கள். பற்கள் பள்ளத்தைச் சரியாகத் தொடாவிட்டால் பெட்டிக்கு டிரைவ் இருப்பதே தெரியாது. கார்டைப் பிடுங்கிப் பள்ளிக்கூடத்து அழிரப்பரால் தேய்த்துக் காட்டினார். என் கணவர் அதுவரை மூடியைத் தொட்டதில்லை. திறந்தால் கெட்டுவிடும் என்று விற்றவர் பயமுறுத்தியிருந்தார்.

திரும்பும் வழியெல்லாம் எனக்கு ஒரே கணக்குத்தான் ஓடியது. பிளாப்பி நல்லது, டிரைவ் நல்லது, ஒயர் நல்லது, கடைக்காரரும் நல்லவர். மிச்சம் இருப்பது பூட்டிய அறைக்குள் இருக்கும் பெட்டி. அதன் சாவி ஒருவரிடம்தான் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை கணவர் வீட்டில் இருந்தார். அத்தை மரத்துக்குப் போயிருந்தார். அன்று நான் மங்கு துடைக்கப் போகவில்லை. தலைவலி என்று சொல்லிவிட்டேன். அத்தை போக மனசில்லாமல் இரண்டு தரம் திரும்பி வந்து, "தம்பி வீட்டுலதானே இருக்கும்?" என்று மகனைப் பற்றிக் கேட்டுவிட்டுத்தான் போனார். அது எனக்கு இன்னும் எரிச்சல். நான் தனியாக இருந்தால் பூட்டை உடைத்துவிடுவேன் என்று பயப்படுகிறாராக்கும் என்று நினைத்தேன்.

வெயில் ஏறித் திரும்பி வந்தவரை வாளியை இறக்கக்கூட விடவில்லை. "சாவியைக் குடுங்க அத்தை. அவரு பெட்டியைத் தொறந்து பாக்கப் போறாரு. உங்க முன்னாலயே."

அவர் வாளியை வைத்தார். கையைக் கைலியில் துடைத்தார். சாவியை எடுத்து என்னிடம் தராமல் மகனிடம் நீட்டினார். "தம்பி பாத்துக்கும். நீ வெளிய இரு புள்ள."

எனக்கு வெடித்துவிட்டது. "ஏன், நான் உள்ள வந்தா என்னா? உங்க பெட்டியில இருக்கிறதை அள்ளிட்டுப் போயிருவேனா? அந்தப் பூட்டு வந்த அன்னைக்கே எனக்குத் தெரியும், அது யாருக்குப் போட்ட பூட்டுன்னு."

"ஆமா, உனக்குத்தான் போட்டேன்" என்றார் அத்தை.

நான் கணவரைப் பார்த்தேன். இப்போதாவது கேட்டுக்கொள் என்பது போல. அவர் தலை குனிந்து பூட்டைத் திறந்தார். நான் அத்தையைத் தள்ளாத குறையாக உள்ளே போனேன்.

மூடியைத் தூக்கினோம். கடையில் பார்த்தபடியே பின்பக்கம் கார்டு நின்றது. கணவர் அதை மெல்ல ஆட்டிப் பிடுங்கினார். பற்கள் மஞ்சளாக மின்னவில்லை. துலக்காத பித்தளை விளக்கில் படிவது போலப் பச்சைப் பச்சையாகப் பூத்திருந்தது. யாரும் கை வைத்து உடைத்ததில்லை. ஏதோ அரித்திருக்கிறது.

"இது எப்படி? மழைத்தண்ணியா?" என்று அவர் கூரையைப் பார்த்தார். கூரை ஒழுகவில்லை. குனிந்து மேசைக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். பெட்டியின் பின்புறக் காற்றோட்டத் துளைகளுக்கு நேர் எதிரே, சுவரோரம், தகரப் பெட்டியின் மேல் ஒரு சாக்கு மூடிக் கிடந்தது. சாக்கை விலக்கினார். ஆசிட் ஜாடி. அடைப்பு தேய்ந்துபோய், துணியைச் சுற்றி இறுக்கியிருந்தது. கிட்டப் போனதும் மூக்கு எரிந்தது. வருடக்கணக்காகக் கொட்டகையில் தட்டுகளுக்குப் பக்கத்தில் நின்ற அதே ஜாடி. கார்டை அரித்தது எது என்று இனி யாரும் சொல்ல வேண்டியதில்லை.

"அம்மா, இது கொட்டாயிலதானே இருக்கும்? இங்க எதுக்குக் கொண்டாந்து வச்சிங்க?"

அத்தை வாசலிலேயே நின்றார். சொல்வதா வேண்டாமா என்று அவர் வாய் அசைந்து அசைந்து நின்றது.

"எஸ்டேட்ல இருந்தப்ப எங்க லயத்து வரிசையில பக்கத்து வீட்டுல ஒரு பொண்ணு" என்றார். "இவ வயசுதான். அதுக்கும் இப்படித்தான் புள்ள தங்காமப் போச்சு. ரெண்டு நாளு கூட இருந்து பாத்தோம். அப்புறம் எல்லாரும் மரத்துக்குப் போயிட்டோம். திரும்பி வந்து பாத்தா..." கை மட்டும் ஜாடியைக் காட்டியது.

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். "என்னையா அப்படி நினைச்சிங்க?" என்றேன். குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது. "நான் என்ன அவ்வளவு கோழையா?"

அத்தை என்னை நேராகப் பார்த்தார். வாசலில் உட்கார்ந்து பார்த்தாரே, அதே பார்வை. "நீ ஆஸ்பத்திரில இருந்து வந்த வாரம். நான் மறந்துட்டு வந்த கத்தியை எடுக்கத் திரும்பி வந்தேன். நீ கொட்டாயில நின்னுக்கிட்டு இருந்தே. ஜாடிக்கு முன்னால. கூப்பிட்டேன். உன் காதுல விழலை."

கணவர் என் பக்கம் திரும்பினார். "என்ன சொல்றாங்க அம்மா? ஷீட் பாக்கப் போயிருப்பே, இல்ல?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அவர் அந்தப் பதிலை என் கையில் கொடுத்தே கேட்டார். ஆனால் அந்த வாரங்கள் நினைவில்லை என்று இவ்வளவு நேரம் சொன்னேனே, அது முழு உண்மை இல்லை. கொட்டகை நினைவிருக்கிறது. உள்ளே இருந்த இருட்டு நினைவிருக்கிறது. தட்டுகளில் வெள்ளையாக உறைந்துகொண்டிருந்த பால் நினைவிருக்கிறது. ஜாடியின் மூடி மேல் என் கை இருந்தது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. பின்னால் யாரோ "புள்ள, புள்ள" என்று கூப்பிட்டதும், நான் கையை எடுத்ததும், சோறு வடிக்கப் போனதும் நினைவிருக்கிறது. அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. எனக்கே சொல்லிக்கொண்டதில்லை.

அந்த வீட்டில் அத்தனை நாள் எத்தனையோ சந்தேகங்கள் உலவின. கணவர் கடைக்காரரைச் சந்தேகப்பட்டார், என்னைச் சந்தேகப்பட்டார். நான் ஒருவர் விடாமல் எல்லோரையும் சந்தேகப்பட்டேன். அத்தனையும் தப்பு. அத்தை பட்ட சந்தேகம் ஒன்றுதான் சரி.

கணவர் திரும்பக் கேட்கவில்லை. மேசை இழுப்பறையில் தேடி ஓர் அழிரப்பரை எடுத்தார். கார்டின் பற்களைத் தேய்க்க ஆரம்பித்தார். அழிரப்பரை வாங்கி நானே தேய்த்தேன். பச்சை உதிர உதிர அடியிலிருந்து மஞ்சள் தெரிந்தது. ஒரு பல்லில் மட்டும் அரிப்பு ஆழமாகப் போயிருந்தது. அதையும் முடிந்த மட்டும் தேய்த்தேன். கார்டைப் பள்ளத்தில் அழுத்தி, மூடியை வைத்து, சுவிட்சைப் போட்டோம். பீப். சிவப்பு விளக்கு எரிந்தது. கடகடவென்று உள்ளே உருண்டது. இன்னொரு நேரமாக இருந்தால் நான் கைதட்டியிருப்பேன்.

அத்தை உள்ளே வந்தார். ஜாடியின் கழுத்தைப் பிடித்துத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். செய்த தப்புக்குச் சமாதானம் சொல்வது போல, "மிசினுக்கு ஆகாதுன்னு எனக்கு என்ன தெரியும். இதை மறுபடி கொட்டாயிலயே வச்சிர்றேன். இனிமே பூட்டெல்லாம் வேணாம். நீ எப்ப வேணும்னாலும் வந்து டைப் அடி" என்றார். பூட்டைக் கழற்றி என் பக்கம் மேசையில் வைத்தார். சாவியையும் அதன் மேல் வைத்தார்.

அத்தனை மாதம் நான் சண்டை போட நினைத்தது இதற்குத்தான். திறந்த கதவு, என் கைக்கெட்டும் சாவி. அவர் வாசலைத் தாண்டிக் கொட்டகைப் பக்கம் நடந்தார். நான் பூட்டையும் சாவியையும் எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினேன்.

"அத்தை, அதை அப்படியே வெளிய வைக்க வேணாம். அவரை ஒரு பலகைப் பெட்டி அடிக்கச் சொல்றேன். அதுக்கு இந்தப் பூட்டைப் போடுங்க."

அவர் நின்று திரும்பினார். அவருடைய ஒரு கை ஜாடியின் அடியைத் தாங்கியிருந்தது. இன்னொரு கையை விரித்துச் சாவியை அதில் வைத்தேன்.

"இது உங்ககிட்டயே இருக்கட்டும்" என்றேன்.